தூதரகத்தின் கதவு யாருக்குத் திறக்க வேண்டும்? டெக்ஸ் ஹாரிஸும் 13,500 புகார்களும்

வைகைக்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "தூதரக ஆட்களுக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம்? விருந்து, கைகுலுக்கல், 'ஆழ்ந்த கவலை' என்று ஓர் அறிக்கை, அவ்வளவுதானே" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறும் என்று தனியாகத் தொடங்குகிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். லத்தீன் அமெரிக்கா பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடமாகப் படித்து வருகிறேன். அதில் என் மனதை விட்டு அகலாத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த சில வருடங்களில் மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர்கள், கர்ப்பிணிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். பெரும்பாலும் நம்பர் பிளேட் இல்லாத ஃபோர்ட் ஃபால்கன் கார்களில். பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போனால் "இங்கே அப்படி யாரும் இல்லை". ராணுவ முகாமுக்குப் போனாலும் அதே பதில். நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் தள்ளுபடி. ஆள் செத்தாரா, இருக்கிறாரா என்று சொல்ல நாட்டில் ஒருவரும் இல்லை. 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார்கள் அரசு மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியது. நடந்தார்கள். வாரா வாரம் வியாழக்கிழமை, சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி.

அதே வருடம்தான் டெக்ஸ் ஹாரிஸ் புவெனஸ் ஐரிஸில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு வருகிறார். ஆறரை அடி உயரம். அரசியல் பிரிவில் ஓர் அதிகாரி, அவ்வளவுதான், தூதர் அல்ல. ஜிம்மி கார்ட்டர் ஆட்சிக்கு வந்து மனித உரிமையை வெளியுறவுக் கொள்கையில் சேர்த்திருந்த நேரம். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்போது ஹாரிஸ் ஒன்று கேட்டார்: காணாமல் போனவர்களின் குடும்பத்தார் தூதரகத்துக்குள் வரக் கதவு திறந்திருக்க வேண்டும். சதுக்கத்துக்குப் போய்த் தாய்மார்களிடம் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். வந்து சொல்லுங்கள் என்றார்.

வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை பேர் வந்தார்கள், என்ன வண்டி, என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள். எல்லாவற்றையும் அட்டைகளில் பெயர்வாரியாகப் பதிந்து அடுக்கினார்கள். அவர் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் வாஷிங்டனுக்குத் தெரிவித்த உரிமை மீறல்கள் 13,500.

இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் எது என்றால், அப்படி வந்த ஒரு தாயின் மகன் பெயரை அதுவரை எந்த அரசும் கையால் எழுதவில்லை என்பதுதான். "அப்படி ஒருவனே இல்லை" என்று ஓர் அரசு சொல்லும்போது, இன்னோர் அரசின் அலுவலகத்தில் அவன் பெயரில் ஓர் அட்டை இருக்கிறது. தூதர் வேலையின் உயிர்நாடி இதுதான் என்று நான் நம்புகிறேன். பேச்செல்லாம் இதற்கு அப்புறம்.

---

கருங்கல்:

அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான் ஐயா. மதிப்போடு மறுக்கிறேன்.

ஹாரிஸ் நல்ல மனிதராக இருக்கலாம். அவர் வேலை பார்த்த அரசு? 1976 ஜூன் மாதம் சிலியின் சாந்தியாகோவில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கர் அர்ஜென்டின வெளியுறவு அமைச்சர் குசெட்டியைச் சந்தித்தார். செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் சீக்கிரம் செய்து முடியுங்கள் என்ற பொருளில் பேசினார். அந்த உரையாடலின் பதிவே வெளிவந்துவிட்டது. கொலைகாரனுக்குப் பச்சைக்கொடி காட்டிய அதே அரசு அடுத்த வருடம் ஒருவரை அனுப்பி, செத்தவன் பெயரை எழுதிக்கொள்கிறது. அந்த அட்டையால் ஒரு பிள்ளையாவது வீட்டுக்குத் திரும்பினானா?

---

வைகைக்கரை:

> அந்த அட்டையால் ஒரு பிள்ளையாவது வீட்டுக்குத் திரும்பினானா?

நியாயமான கேள்வி. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், நீங்களே எடைபோடுங்கள்.

அர்ஜென்டினாவில் பெரிய நீர்மின் திட்டத்துக்கு டர்பைன் செய்ய ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் பேசியது. அமெரிக்க ஏற்றுமதி வங்கி கடன் கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தைத் தோண்டிய ஹாரிஸ், உள்ளூரில் கூட்டாளியாக இருக்கும் கம்பெனி கடற்படையின் கைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கடற்படை என்றால் ஈஸ்மா என்ற இயந்திரவியல் பள்ளியைச் சித்திரவதைக் கூடமாக நடத்திய கடற்படை. தூதரக மேலதிகாரிகளுக்கு இந்தத் தகவல் வாஷிங்டன் போவதில் விருப்பமில்லை. தந்தி என்றால் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் போகும். ஆனால் அதிகாரிக்கு அதிகாரி எழுதும் அரைமுறைக் கடிதம் என்று ஒன்று உண்டு, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஹாரிஸ் அந்த வழியில் அனுப்பினார். 1978இல் கடன் நின்றது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த வருடம் செப்டம்பரில் ரோம் நகரில் அமெரிக்கத் துணை அதிபர் மாண்டேலும் ராணுவ அதிபர் விடேலாவும் சந்தித்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையத்தை நாட்டுக்குள் விடுகிறேன் என்று விடேலா ஒத்துக்கொண்டார், கடனும் விடுவிக்கப்பட்டது. ஆமாம், கடனைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பு எனக்கும் உண்டு. ஆனால் 1979 செப்டம்பரில் ஆணையம் வந்தபோது மே அவென்யூவில் புகார் கொடுக்க மக்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. அதே நாட்களில் அர்ஜென்டின இளைஞர் அணி ஜப்பானில் உலகக் கோப்பை ஜெயித்தது. கொண்டாடும் கூட்டத்தை அந்த வரிசை இருக்கும் தெருவுக்கே வாருங்கள் என்று வானொலியில் கூப்பிட்டார்கள், நாட்டில் ஒரு குறையும் இல்லை என்று வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக. பக்கத்தில் கும்மாளம் போக, அந்த மனிதர்கள் வரிசையை விட்டு நகரவில்லை. ஆணையம் வாங்கிய புகார்கள் 5,580.

பிள்ளைகள் திரும்பினார்களா என்றால், பெரும்பாலோர் திரும்பவில்லை. ராணுவ ஆட்சி முடிந்தபின் அமைத்த விசாரணைக் குழு 1984இல் பெயரோடு உறுதிசெய்த எண்ணிக்கை 8,961. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. இதை மறைத்து நான் பேச மாட்டேன்.

ஹாரிஸுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மோசமான பணி மதிப்பீடு. வேலையே போயிருக்கும். 1993இல்தான் அவருடைய துறை அவருக்கு உயரிய விருது கொடுத்தது. 2020இல் இறந்தார்.

---

ஹூக்ளி வாசி:

கொல்கத்தாவில் முப்பது வருடமாக இருக்கிறேன். இங்கே 1971 என்றால் இன்னும் ஆறாத நினைவு. எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு பாட்டி ஜெசோர் பக்கமிருந்து கால்நடையாக எல்லை தாண்டி வந்தவர், இப்போது ஜோராக இருக்கும் சால்ட் லேக் அப்போது அகதி முகாமாக இருந்ததாம். அங்கேதான் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார்.

ஆர்ச்சர் பிளட் பெயரை இந்த இழையில் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். அன்றைக்குக் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் பல்கலைக்கழக விடுதிகளில் புகுந்து சுட்டது. மூன்றாம் நாளே, மார்ச் 28 அன்று, ஆள் பார்த்து நடத்தப்படும் இனப்படுகொலை என்று தலைப்பிட்டு வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். பதில் இல்லை. ஏனென்றால் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் கிஸ்ஸிங்கரும் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வழியாகச் சீனாவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானிலிருந்துதான் சத்தமில்லாமல் பெய்ஜிங் போய் வந்தார்.

ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்டு இன்னொரு தந்தி போனது. தங்கள் சொந்த அரசு கண்டிக்கத் தவறிவிட்டது, ஒழுக்கத்தில் திவாலாகிவிட்டது என்று சொந்த அரசிடமே எழுதினார்கள். பிளட் அதற்கு ஆதரவாகத் தன் குறிப்பையும் சேர்த்து அனுப்பினார். சீக்கிரமே டாக்காவிலிருந்து தூக்கினார்கள். அவருடைய பணி வாழ்க்கை அதன்பின் எழவே இல்லை.

கருங்கல் அவர்களே, அந்தத் தந்தி படுகொலையை நிறுத்தவில்லை. ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று இனி எந்த அமெரிக்க அரசும் சொல்ல முடியாது. மார்ச் 28, ஏப்ரல் 6 என்று தேதி போட்ட காகிதம் இருக்கிறது. டாக்காவில் அமெரிக்க மையத்தின் நூலகத்துக்கு 2005இல் பிளட் பெயரை வைத்தபோது இங்கே பாட்டியிடம் சொன்னேன். "அவர் எழுதினாரா? எழுதினால் சரி" என்றார்.

---

படிக்கட்டு:

சட்டம் படிக்கிறேன், இறுதியாண்டு. ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் எந்த நாட்டில் யார் கேள்வி கேட்டாலும், "உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே" என்ற பதில்தான் முதலில் வரும்.

1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைதான் தூதர்களுக்கான அடிப்படைச் சட்டம். அதன் 41ஆவது பிரிவு, தூதர்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்கிறது. எல்லோரும் இதைத்தான் எடுத்து வீசுவார்கள். ஆனால் அதே உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு தூதரகத்தின் வேலை என்ன என்று அடுக்குகிறது. அதில் ஒன்று: இருக்கும் நாட்டின் நிலைமையைச் சட்டபூர்வமான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது. அதாவது ஹாரிஸ் தாய்மார்களிடம் கேட்டு எழுதியது தலையீடே கிடையாது. அது அவருடைய வேலை, அதற்குத்தான் சம்பளம். எழுதாமல் இருந்திருந்தால்தான் வேலையில் தவறியவர்.

தூதரக வளாகத்துக்குள் உள்ளூர் போலீஸ் நுழைய முடியாது (22ஆவது பிரிவு). பிடிக்காத தூதரைக் காரணமே சொல்லாமல் வெளியேறச் சொல்லலாம் (9ஆவது பிரிவு). இந்த இரண்டையும் ஒரே ஆளின் கதையில் பார்க்கலாம். 1973 செப்டம்பர் 11, சிலியில் ராணுவப் புரட்சி. ஸ்வீடன் தூதர் ஹரால்ட் எடெல்ஸ்டாம், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கியூபத் தூதரகத்துக்குப் போய் அதை ஸ்வீடனின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். கைதிகளை அடைத்து வைத்திருந்த தேசிய விளையாட்டரங்கத்துக்கே போய், ஐம்பதுக்கும் மேற்பட்ட உருகுவே நாட்டவரை மீட்டுக் கொண்டுவந்தார். டிசம்பரில் அவரை வெளியேற்றினார்கள். 22ஆவது பிரிவு அவருக்கு மூன்று மாதம் கொடுத்தது, 9ஆவது பிரிவு அதை முடித்து வைத்தது. அந்த மூன்று மாதத்தை அவர் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. இதைப் படித்த அன்றுதான் சர்வதேசச் சட்டம் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

---

பனங்காடு:

நான் வன்னியில் இருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் இருந்து ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. போகாதீர்கள் என்று சனம் அலுவலக வாசலில் நின்று கேட்டது. அந்தச் சனத்துக்குள் என்ர அம்மாவும் நின்றவ. அவர்கள் இராஜதந்திரிகள் இல்லை, தெரியும். ஆனால் நாங்கள் கேட்டது சாப்பாடோ கூடாரமோ இல்லை. பார்க்க ஒரு கண் வேண்டும் என்றுதான் கேட்டோம். அவர்கள் போனபிறகு நடந்ததைப் பதிய வெளியாள் என்று அநேகமாக ஒருவரும் இல்லை. 2012இல் ஐ.நா.வே தன்னுடைய உள்ளக விசாரணையில் தாங்கள் தவறிவிட்டதாக ஒத்துக்கொண்டது.

2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். கொழும்பில் இருந்து தூதுவர்கள் வருவார்கள். கேட்பார்கள். எழுதுவார்கள். படம் எடுப்பார்கள். எத்தனை தரம் ஒரு அம்மா அதே கதையைச் சொல்வது? எழுதினவர் மாறிப் போய்விடுவார், புதியவர் வந்து முதலில் இருந்து கேட்பார். சொல்லிச் சொல்லியே செத்துப்போன அம்மாமார் இருக்கிறார்கள்.

எழுதுவது முக்கியம், மறுக்கவில்லை. 2021இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் வந்தபோது சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்கு அதிகாரம் கிடைத்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. 2012, 2013இல் ஆதரித்து வாக்களித்த இந்தியா 2014இல் நடுநிலை, 2021இலும் நடுநிலை. கை தூக்குவதா விடுவதா என்பதை அந்த மண்டபத்தில் இருக்கிற இராஜதந்திரி முடிவெடுப்பதில்லை, தலைநகரம்தான் முடிவெடுக்கிறது. ஆனாலும் அந்தக் கோப்பு இப்ப இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருக்கிறோம்.

---

கருங்கல்:

பனங்காடு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்றால், 2009 டிசம்பரில் பெய்ஜிங்கில் நடந்த லியு ஷியாபோ வழக்கு. ஜனநாயகம் கேட்டு எழுதிய சீன எழுத்தாளர் அவர். பல நாட்டுத் தூதரக அதிகாரிகள் விசாரணையைப் பார்க்கப் போனார்கள். உள்ளே விடவில்லை. குளிரில் வெளியே நின்றார்கள். கிறிஸ்துமஸ் அன்று 11 வருடச் சிறைத்தண்டனை அறிவித்தார்கள். அடுத்த வருடம் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தபோது, விழாவுக்குப் போகாதீர்கள் என்று நாடு நாடாகச் சொன்னதும் தூதர்கள்தான், சீனத் தூதர்கள். 2017இல் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். வாசலில் நின்றவர்களால் என்ன ஆனது என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

---

கடலோரம்:

நான் ரொம்பப் படித்தவள் இல்லை, என் மகள் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். கருங்கல் அண்ணன் கேட்டதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் ஒரு நாட்டில் கத்தாமா வேலைக்கு, அதாவது வீட்டு வேலைக்குப் போனேன். நாட்டின் பெயர் வேண்டாம். போன அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதம் சம்பளம் இல்லை. அடி உண்டு. ஒருநாள் குப்பை போட வந்தபடியே தப்பித்து, ஒரு மலையாளி டிரைவர் தயவில் எம்பசிக்குப் போனேன். முதல் நாள் இருந்த ஆள் ஜன்னல் வழியாகவே, "வீட்டை விட்டு ஓடிவந்தால் நாங்கள் என்ன செய்வது, முதலாளியிடம் பேசிக்கொள்" என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு எங்கே தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் திரும்பப் போனேன். வேறு ஓர் அம்மா இருந்தார், தமிழ் தெரியாது, இந்தியில் பேசினார். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பேனாவை எடுத்து என் பெயர், அப்பா பெயர், ஊர், ஏஜென்ட் பெயர், முதலாளி வீடு எந்தத் தெரு, எத்தனை மாதம் சம்பளம் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்து அதையும் எழுதினார். எழுதி முடித்து, மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். சரியா என்று கேட்டார். ஏழு மாதத்தில் என்னை ஒரு ஆளாக நினைத்துக் கேட்ட முதல் கேள்வி அது.

பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப எம்பசி கொடுக்கும் அவுட்பாஸ் கிடைக்க மூன்று மாதம் ஆனது, தங்குமிடத்தில் இருந்தேன். சம்பளம் முழுதும் வரவில்லை. ஆனால் என் முதலாளி "திருடிவிட்டு ஓடினாள்" என்று பொய்க்கேஸ் கொடுத்தபோது, அவர் புகார் கொடுத்த தேதிக்கு முந்தைய தேதியில் என் வாக்குமூலம் எம்பசி கோப்பில் இருந்தது. அதனால்தான் நான் ஜெயிலுக்குப் போகவில்லை. ஒரே ஜன்னல் அண்ணா. முதல் நாள் உட்கார்ந்திருந்தவரும் மறுநாள் உட்கார்ந்திருந்தவரும் வேறு வேறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

படிக்கட்டு:

அக்கா, தேதி முந்தியது என்பதால் வழக்கு நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வைகைக்கரை ஐயா, ஒரு கேள்வி. அர்ஜென்டினாவில் தூதரகக் காகிதம் எதுவும் நீதிமன்றம் வரை போனதா?

---

வைகைக்கரை:

போனது. பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கடலோரம் அம்மாவின் பதிவுக்குப் பிறகு உடனே எழுத வரவில்லை.

ராணுவம் செய்த கொடுமைகளில் ஒன்று, காவலில் பிரசவித்த பெண்களைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளை ராணுவத்துக்கு வேண்டிய குடும்பங்களுக்குக் கொடுத்தது. அது அங்கங்கே தனியாட்கள் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்பதே தளபதிகளின் வாதம். 1982 டிசம்பர் 3 அன்று வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மனித உரிமைப் பிரிவுத் தலைவர் எலியட் ஏப்ரம்ஸ், அர்ஜென்டினத் தூதரைச் சந்தித்தார். அந்தக் குழந்தைகளின் விஷயத்தை எடுத்தார். இதைத் தன் வெளியுறவு அமைச்சரிடமும் அதிபரிடமும் ஏற்கெனவே பேசியிருப்பதாகத் தூதர் சொன்னார். பேசி முடித்ததும் ஏப்ரம்ஸ் வழக்கம்போல ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தார்.

இருபது வருடம் அது பெட்டியில் கிடந்தது. 2002இல் அமெரிக்கா வெளியிட்ட 4,600க்கும் மேற்பட்ட ஆவணங்களில் அதுவும் ஒன்று. பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் ஏப்ரம்ஸ் வீடியோ வழியாக புவெனஸ் ஐரிஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதிபர் வரை தெரிந்திருந்தது என்பதற்கு அந்தக் குறிப்பு சான்றானது. அந்த வருடம் ஜூலை 5 அன்று, குழந்தைத் திருட்டு திட்டமிட்டு நடத்தப்பட்டது என்று தீர்ப்பு. விடேலாவுக்கு 50 வருடம்.

கருங்கல் நண்பரே, ஏப்ரம்ஸை நான் நல்லவர் என்று சொல்லவே மாட்டேன். மத்திய அமெரிக்காவில் நடந்த படுகொலைகளை மூடி மறைக்கப் பார்த்தவர், நாடாளுமன்றத்திடம் தகவலை மறைத்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். இருந்தும் அன்று அவர் அந்தக் குறிப்பை எழுதினார்.

---

கருங்கல்:

50 வருடம் என்றீர்கள். விடேலா எங்கே செத்தார்?

---

வைகைக்கரை:

சிறையில். 2013 மே 17.

---

பனங்காடு:

இந்த இழையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1982இல் எழுதினது 2012இல் உதவியது என்று சொன்னதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தா. முப்பது வருசம். "அப்ப எங்கட கடுதாசி ஒண்டையும் எறியாதை" எண்டு அலுமாரியைத் திறந்து தம்பியின்ர படம், முறைப்பாட்டு நகல், துண்டுச்சீட்டுகள் எல்லாம் எடுத்துத் தந்தா. இன்றைக்கு இருந்து எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணுகிறேன். எப்படி ஒழுங்குபடுத்தி வைப்பது என்று தெரிந்தவர்கள் தனிமடலில் எழுதுங்கள்.

---

படிக்கட்டு:

அண்ணா, நான் எழுதுகிறேன். தேதிவாரியாக அடுக்குவதிலிருந்து தொடங்கலாம். அசலை எதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.